அட்ரினல் சோர்வும் ஞாயிற்றுக்கிழமைப் பொடியும்

திருப்பூர்ப் பக்கமிருந்து 38 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டு பையர்களோடு இரவு பதினொன்று வரை போன் பேச்சு. வீட்டில் இரண்டு பிள்ளைகள், பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமனார், மூட்டுவலியும் சர்க்கரையும் உள்ள மாமியார். ஒரு வருஷமாக அசதி. காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது, இரவு பதினொன்றுக்குத்தான் தெம்பு வருகிறது. முடி கொட்டுகிறது. இணையத்தில் ஒரு ‘வெல்னஸ்’ ஆலோசகரைப் பிடித்திருக்கிறார். அவர் ஒரே நாளில் நான்கு முறை எச்சில் எடுத்துச் சோதித்து, ஒரு வரைபடத்தைக் காட்டி, “உங்களுக்கு அட்ரினல் ஃபெட்டீக், மூன்றாம் நிலை. ஸ்ட்ரெஸ்ஸால் சுரப்பி தேய்ந்துவிட்டது” என்று சொல்லியிருக்கிறார். வைட்டமின் சி 1,000 மில்லிகிராம் இரண்டு வேளை, வைட்டமின் ஈ 400 யூனிட், குளூட்டாதயோன், வெளிநாட்டு ‘அட்ரினல் சப்போர்ட்’ கேப்சூல் என்று மாதம் 6,800 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ். முடிக்கு பயோட்டின் 10 மில்லிகிராம் தனி. மூன்று வாரமாகச் சாப்பிடுகிறார். அசதி குறையவில்லை, கூடியிருக்கிறது. வீட்டுக்காரர் “எல்லாம் உன் நினைப்பு” என்கிறார். கேட்பது மூன்று கேள்விகள்: என் அட்ரினல் கெட்டுவிட்டதா? வைட்டமின் சி, ஈ போன்ற ஆன்டிஆக்சிடன்ட் அதைச் சரிசெய்யுமா? வேலையை விட்டுவிடட்டுமா?

கடைசிப் பத்தியில், போகிற போக்கில் எழுதியது இது: “மணிக்கட்டு, முழங்கால் வலிக்காக எட்டு மாதமாக மாமியார் வாங்கும் இடத்திலேயே நானும் பொடி வாங்கிச் சாப்பிட்டேன். ஞாயிறுதோறும் ஒரு வாரத்துக்குப் பொட்டலம் கட்டித் தருவார்கள். இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டது, பசியும் நன்றாக எடுத்தது, முகம்கூடப் பூசினாற்போல் ஆனது. இந்த பேக்கேஜ் ஆரம்பித்ததும் உடம்பைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று பொடியை நிறுத்திவிட்டேன். இப்போது எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, படபடப்பாக வருகிறது.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை நான் கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கித்தான் படிக்க வேண்டியிருந்தது. மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதை நாளைக் காலையிலேயே செய்யுங்கள்.

முதலில் பொடி

இரண்டே நாளில் மூட்டுவலியைப் போக்கி, பசியைத் தூண்டி, முகத்தை உப்பவைக்கும் பொடி என்றால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும்: அதில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறார்கள். பொட்டலத்தைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் கலந்த இப்படிப்பட்ட பொடிகள் நம் ஊரில் மூட்டுவலிக்கும் வீசிங்குக்கும் நெடுநாளாகப் புழங்குகின்றன. முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த, ஆயுர்வேத மருத்துவர்களை நான் சொல்லவில்லை. அவர்களுக்கே இதனால் கெட்ட பெயர். சொல்லாமல் கலப்பது சட்டப்படியும் குற்றம்தான்.

உங்கள் அட்ரினல் சுரப்பி நாளொன்றுக்குச் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் சுமார் 10 மில்லிகிராம். இந்த ஸ்டீராய்டுகள் அதே வேலையைச் செய்யும் மருந்துகள். அரை மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை ஒன்றே அதைவிட அதிக வேலை செய்யும். வெளியிலிருந்து இவ்வளவு வந்தால், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி ‘சரக்குதான் நிறைய இருக்கிறதே’ என்று அட்ரினலுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். உத்தரவு வராத அட்ரினல் மெல்லச் சுருங்கும். மூன்று நான்கு வாரம் தொடர்ந்து எடுத்தாலே இது நடக்கலாம். நீங்கள் எடுத்தது எட்டு மாதம். திடீரென்று நிறுத்தினால் வெளிச்சரக்கும் இல்லை, உள்சரக்கும் இல்லை. எழுந்தால் தலைசுற்றல், குமட்டல், அடித்துப்போட்டாற்போல் அசதி என்று நீங்கள் எழுதியிருப்பது அந்த நிலைமைக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆகவே நாளைக் காலை வெறும் வயிற்றில், எட்டு மணிவாக்கில், பொது மருத்துவர் அல்லது ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடம் போங்கள். பொடி விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்ப்பார். காலை எட்டு மணி கார்ட்டிசோல், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை ஆகியவற்றுக்கு ரத்தம் எடுப்பார். கார்ட்டிசோல் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. 15, 18 என்று இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. நடுவில் இருந்தால் ஒரு ஊசி போட்டு, அரை மணி, ஒரு மணி கழித்து மறுபடி பார்ப்பார்கள். குறைவு என்று உறுதியானால் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை அளந்து கொடுத்து, மாதக் கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். சுரப்பி பெரும்பாலும் விழித்துக்கொள்ளும், ஆனால் சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

அதுவரை பொடியை நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம். அளவு தெரியாத மருந்தை அளவு தெரியாமல் எடுப்பது ஒரு முறை போதும். ஆனால் இன்றிரவே வாந்தி நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, மயங்கி விழுந்தாலோ காலைவரை காத்திருக்காதீர்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய் “எட்டு மாதம் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடிய பொடி சாப்பிட்டேன், மூன்று வாரம் முன்பு நிறுத்திவிட்டேன்” என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கட்டும். அவர்கள் உடனே போடவேண்டிய ஊசி எது என்பது அதிலேயே இருக்கிறது.

ஸ்ட்ரெஸ்ஸால் சுரப்பி தேயுமா?

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அட்ரினல் என்பது இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான். உள்ளே இருக்கும் பகுதி அட்ரினலினைச் சுரக்கும். லாரி ஹாரன் திடீரென்று காதருகே அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது அதன் வேலை. வெளிப்பகுதி கார்ட்டிசோலையும், உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோனையும் சுரக்கும். கார்ட்டிசோல் காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வரும். கவலை, சண்டை, காய்ச்சல், ஆபரேஷன் எது வந்தாலும் ஏறும்.

கவலை நீடித்தால் சுரப்பி என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்தவர் ஹான்ஸ் செல்யே. 1936-ல் எலிகளைக் குளிரிலும் காயத்திலும் கடும் உழைப்பிலும் வைத்துப் பார்த்து எழுதினார். எலிகளின் வயிற்றில் புண் வந்தது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியது, அட்ரினல் பெருத்திருந்தது. ஆமாம், பெருத்திருந்தது. கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோதும் அட்ரினல் பெரிதாகத்தான் இருந்தது. குணமானதும் பழைய அளவுக்குத் திரும்பியது. அதிகம் வேலை வாங்கினால் தேய்ந்துபோக அது சைக்கிள் செயின் இல்லை.

செல்யே தன் கோட்பாட்டில் ‘களைப்பு நிலை’ என்று ஒன்றைச் சொன்னார். அவர் சொன்னது மொத்த உடம்பின் களைப்பு. அந்தச் சொல்லைச் சுரப்பியின் தலையில் கட்டி, ‘அட்ரினல் ஃபெட்டீக்’ என்ற பெயரை 1998-ல் அமெரிக்காவில் ஒரு மாற்று மருத்துவர் சூட்டினார். இந்தப் பெயரில் நோய் உண்டா என்று பிரேசில் நாட்டு ஹார்மோன் மருத்துவர்கள் இருவர் 58 ஆய்வுகளை எடுத்து அலசி, 2016-ல் வெளியிட்ட முடிவு: ஆதாரம் இல்லை. களைப்பு உள்ளவர்களிடம் ஒரு ஆய்வில் கார்ட்டிசோல் குறைவு, இன்னொன்றில் அதிகம், வேறொன்றில் வித்தியாசமே இல்லை.

அட்ரினல் நிஜமாகவே கெட்டுப்போகும் நோய் வேறு. 1855-ல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் பார்த்த நோயாளிகள் பலருக்குச் சுரப்பியைத் தின்றது காசநோய். நம் நாட்டில் இன்றும் காசநோய் ஒரு முக்கியக் காரணம். சுரப்பியில் 90 சதவீதம் போனபிறகுதான் அறிகுறிகள் முழுதாகத் தெரியும். எடை குறையும், உப்புக்கு நாக்கு அலையும், உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுக்கும். உங்களுக்கு எடை ஏறியிருக்கிறது, கறுப்பு எதுவும் எழுதவில்லை, ஆக அது இல்லை என்றே நினைக்கிறேன். ரத்தச் சோதனை அதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

அந்த எச்சில் சோதனையும் பொய்ச் சோதனை இல்லை. நள்ளிரவு எச்சிலில் கார்ட்டிசோல் பார்ப்பது கார்ட்டிசோல் அதிகமாகச் சுரக்கும் நோயைக் கண்டுபிடிக்க நாங்களே எழுதித் தருவதுதான். ‘மூன்றாம் நிலைச் சோர்வு’ என்று அதில் படிப்பதற்குத்தான் எந்த அளவுகோலும் கிடையாது. அதோடு, நீங்கள் எச்சில் கொடுத்தபோது பொடியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கோடு தட்டையாக வந்ததில் ஆச்சரியமில்லை. ஆலோசகர் வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டாரா? கடிதத்தில் அப்படி ஒரு வரியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

ஆன்டிஆக்சிடன்ட் விஷயம்

இதில் ஆலோசகர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்பும்படி இருக்கிறது. உடம்பிலேயே வைட்டமின் சி அதிகம் செறிந்திருக்கும் உறுப்புகளில் முதல் வரிசையில் இருப்பது அட்ரினல். சொல்லப்போனால் வைட்டமின் சி முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே அங்கிருந்துதான். 1928-ல் ஹங்கேரியின் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி மாட்டின் அட்ரினலிலிருந்து ஒரு வெள்ளைப் படிகத்தைப் பிரித்தார். பிறகு அதைக் கிலோக் கணக்கில் எடுக்க அவருக்குக் கைகொடுத்தது தன் ஊரில் விளைந்த சிவப்புக் குடைமிளகாய். 1937-ல் நோபல் பரிசு.

சுரப்பிக்கு அது எதற்கு என்றால், நார்அட்ரினலின் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி துணை வேண்டும். கொழுப்பிலிருந்து கார்ட்டிசோலைச் செய்யும்போது வேதிப்பொறி பறக்கும். அதை அணைக்கவும் ஆன்டிஆக்சிடன்ட் வேண்டும். அந்த அணைக்கும் ஏற்பாட்டில் பிறவியிலேயே மரபணுக் கோளாறு உள்ள சில குழந்தைகளுக்கு அட்ரினல் வேலை செய்யாமல் போவதை 2012-ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே, சுரப்பிக்குள் ஆன்டிஆக்சிடன்ட் முக்கியமா என்றால் ஆமாம், ரொம்பவே. அதற்காக வாயில் போடும் மாத்திரை அங்கே போய் எதையாவது சரிசெய்யுமா என்பது வேறு கேள்வி. பாத்திரம் நிரம்பிவிட்டால் மேலே ஊற்றுவது வழியத்தான் செய்யும். நாளுக்கு 200 முதல் 400 மில்லிகிராமிலேயே ரத்தத்தில் வைட்டமின் சி ஏறக்குறைய நிரம்பிவிடும். மீதி சிறுநீரில் போகும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் 90 கிலோமீட்டர் ஓட்டக்காரர்களுக்கு ஒரு வாரம் முன்பிருந்து 1,500 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தபோது, ஓடி முடித்ததும் கார்ட்டிசோல் ஏற்றம் குறைவாக இருந்தது. மேடையில் பேசச் சொல்லிப் பதற்றப்படுத்திய ஒரு ஆய்விலும் வைட்டமின் சி எடுத்தவர்களுக்குக் கார்ட்டிசோல் சீக்கிரம் இறங்கியது. கவனியுங்கள், இரண்டிலும் பார்த்தது ஏறும் கார்ட்டிசோல் குறைகிறதா என்பதை. உங்களுக்குக் கார்ட்டிசோல் குறைவு என்று சொல்லி, கார்ட்டிசோலைக் குறைப்பதாகக் காட்டப்பட்ட மாத்திரையையே விற்றிருக்கிறார்கள்.

மாத்திரை ஆன்டிஆக்சிடன்ட்டின் பெரிய சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. ஃபின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 1994-ல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். அமெரிக்காவில் வைட்டமின் ஈ 400 யூனிட் எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-ல் தெரிந்தது. நீங்கள் புகைபிடிப்பவரும் இல்லை, ஆணும் இல்லை, அந்த எண்கள் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ‘நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் இல்லை’ என்ற எண்ணம் மட்டும் தப்பு என்று காட்டத்தான் சொன்னேன்.

உங்கள் பேக்கேஜைப் பிரித்துப் பார்த்தால், வைட்டமின் சி நாளுக்கு 2,000 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு. பெண்களுக்கு நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை 65 மில்லிகிராம். கிராம் கணக்கில் எடுத்தால் சிறுநீரில் ஆக்சலேட் கூடும், கல் வரும் உடம்புக்கு ஆகாது. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. குளூட்டாதயோன் மாத்திரை பெரும்பாலும் குடலிலேயே உடைந்துபோகும். அந்தக் காசுக்கு வீட்டுக்கே பழம் வாங்கலாம். வைட்டமின் ஈ தேவையில்லை.

இதில் என்னை உறுத்துவது அந்த ‘அட்ரினல் சப்போர்ட்’ கேப்சூல். அமெரிக்காவில் இந்தப் பெயரில் விற்ற 12 தயாரிப்புகளைச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. பாதிக்கு மேற்பட்டவற்றில் ஏதாவது ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது. லேபிளில் எதுவும் போடவில்லை. உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று தெரியாது, ஆனால் அது ஆரம்பித்த பிறகுதான் படபடப்பு வந்திருக்கிறது. கார்ட்டிசோல் குறைந்த உடம்பில் தைராய்டு ஹார்மோனை ஏற்றினால், இருக்கிற கொஞ்சக் கார்ட்டிசோலும் சீக்கிரம் செலவாகி நிலைமை மோசமாகும். இதை இன்றே நிறுத்துங்கள், டப்பாவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயோட்டினையும் நிறுத்துங்கள். 10 மில்லிகிராம் அளவில் அது ரத்தப் பரிசோதனைக் கருவியையே ஏமாற்றும். தைராய்டு, கார்ட்டிசோல் இரண்டும் தப்பாகக் காட்டலாம். ‘தைராய்டு நார்மல்’ என்று நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டே கொடுத்த ரத்தம். மூன்று நாள் விட்டு மறுபடி பார்க்கலாம். ஆனால் நாளைய கார்ட்டிசோல் சோதனையை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், பயோட்டின் எடுத்ததைச் சொன்னால் போதும்.

யாரும் பார்க்காத 9.4

பொடி விஷயம் இந்த எட்டு மாதக் கதை. அசதி அதற்கும் முன்பே, ஒரு வருஷமாக இருக்கிறது. கம்பெனியில் எடுத்த ஹெல்த் செக்கப் தாளையும் இணைத்திருந்தீர்கள். ஹீமோகுளோபின் 9.4. பக்கத்தில் பேனாவால் “லேசான ரத்தசோகை, எல்லாருக்கும் இருப்பதுதான்” என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் என்பது கிட்டத்தட்ட சரி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்துக்கு ரத்தசோகை இருந்தது. லேசான என்பதுதான் சரியில்லை. 12-க்குக் கீழே ரத்தசோகை, 11-க்குக் கீழே நடுத்தரம். படியேறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, மதியம் கண் சொருகுவது எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். மாதவிலக்கு ஏழு நாள், கட்டியாகப் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் சோதனை), பி12 பாருங்கள், மகப்பேறு மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு எடுக்காதீர்கள். கூட எலுமிச்சை ஜூஸ் குடிக்கலாம். வைட்டமின் சி உங்களுக்கு உருப்படியாகப் பயன்படும் இடம் இதுதான்.

இரவு பதினொன்றுக்கு வரும் தெம்புக்கும் மர்மம் எதுவும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு காபி, எட்டரைக்கு இன்னொன்று என்று கணக்குக் கொடுத்திருக்கிறீர்கள். காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். அப்புறம் முகத்துக்கு நேரே லேப்டாப் வெளிச்சம், எதிர்முனையில் ஷிப்மென்ட் தேதி கேட்கும் பையர். அந்த நேரத்தில் எந்த அட்ரினலும் தூங்காது. இதைச் சோர்ந்த சுரப்பி என்று சொன்னால் சுரப்பியே கோபித்துக்கொள்ளும்.

வேலையை விடுவதா என்பதை இந்த மாதம் முடிவு செய்யாதீர்கள். ரத்தமும் கார்ட்டிசோலும் குறைந்த உடம்போடு எடுக்கும் முடிவு நிதானமாக இருக்காது. வாரம் ஐந்து நாள் இரவு போனை இரண்டு நாளாகக் குறைத்து மற்றதை மெயிலில் முடிக்க முடியுமா என்று மட்டும் இப்போது கேளுங்கள், மருத்துவச் சான்று கையில் இருக்கும்போது கேட்பது சுலபம். மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் முறையில் வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். எல்லாம் நினைப்பு என்று அவர் சொன்னது தப்பு, 9.4 என்பது தாளில் அச்சடித்த எண். நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மருத்துவர் வாயால் கேட்கட்டும். மூன்று மாதம் கழித்தும், எண்களெல்லாம் சரியான பிறகும், மனம் பாரமாகவே இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

இன்னொரு ஆள் பாக்கி. மாமியார் அந்தப் பொடியை இன்னும் சாப்பிடுகிறார், சர்க்கரை எவ்வளவு மாத்திரை கூட்டியும் இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். இதைப் படித்துவிட்டு அவர் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். அவர் திடீரென்று நிறுத்தினால் உங்களுக்கு வந்தது அவர் வயதில் இன்னும் கடுமையாக வரும். மருத்துவர் பார்த்து மாற்று மருந்து கொடுத்த பிறகுதான் நிறுத்த வேண்டும். நாளைக்கே அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் பொட்டலம், கேப்சூல் டப்பா, ஹெல்த் செக்கப் தாள் மூன்றும் பையில் இருக்கட்டும்.